கார் இன்ஜின் ஆயில்: கடைக் கவுன்டரில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

திருச்சியில் ஓர் உதிரி பாகக் கடையில் பதினோரு வருஷம் கவுன்டரில் நின்றவன் நான். ஆயில் டின் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கூடவே ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருவார்கள். ஆள் மாறும், வண்டி மாறும், சந்தேகம் மட்டும் மாறாது. கடையை விட்டு வந்த பிறகும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று கேள்வி நின்றபாடில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன். இது சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். பைக்குக்கும் லாரிக்கும் கணக்கு வேறு.

1. இன்ஜினுக்குள்ள ஆயில் என்னதான் பண்ணுது? குறைஞ்சா ஊத்திக்கிட்டா போதாதா, எதுக்கு முழுசா மாத்தணும்?

உரசும் பாகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வேலை. அது போக, பிஸ்டனின் அடியிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். எரிந்த கரியை எங்கும் ஒட்டவிடாமல் தன்னோடு மிதக்கவைக்கும். எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கும். இந்த வேலைகளுக்காக ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனங்கள் ஓட ஓடச் செலவாகிக்கொண்டே போகும். எண்ணெய் அப்படியே இருக்கும், சத்து போயிருக்கும்.

கெட்டுப்போன ரசத்தில் ஒரு கரண்டி புது ரசத்தை ஊற்றினால் நல்ல ரசம் ஆகிவிடுமா? அதே கதைதான். டாப் அப் செய்வது அளவுக்கு, மாற்றுவது தரத்துக்கு.

2. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்? ஒருத்தர் அஞ்சாயிரம்ங்கறார், ஒருத்தர் பத்தாயிரம்ங்கறார்.

வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். நம் நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. சில வண்டிகளுக்கு 15,000 வரை போகும்.

ஐயாயிரம் என்கிறவர் பொய் சொல்லவில்லை. அம்பாசிடர், ஃபியட் காலத்துப் பழக்கம் அது. அன்றைக்குக் கார்புரேட்டர், சாதாரண மினரல் ஆயில், அந்த இன்ஜின்களுக்கு அது சரி. இன்று அதே ஐயாயிரத்தில் மாற்றினால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்குத்தான். ஆனால் கையேட்டில் இன்னொரு பட்டியலும் இருக்கும்: கடுமையான பயன்பாட்டுக்கு உரிய இடைவெளி. அதை யாரும் படிப்பதில்லை. 4ஆம் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

3. என் வண்டி வருஷத்துக்கு மூவாயிரம்கூட ஓடாது. மாசத்துல நாலு நாள் கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு. அதுக்கும் வருஷா வருஷம் மாத்தணுமா?

கட்டாயம். உண்மையில் உங்கள் ஆயில்தான் அதிகம் கஷ்டப்படுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் சேம்பருக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் துளித்துளியாக.

அரைமணி நேரம் தொடர்ந்து ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால் ஆயில் சூடேறுவதற்குள்ளேயே பயணம் முடிந்துவிடும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்பீர்கள். அது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. ஆயில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும். ஆகவே கிலோமீட்டர் சேராவிட்டால் காலண்டரைப் பாருங்கள். பொங்கலுக்குப் பொங்கல் என்று வைத்துக்கொண்டாலும் சரி, மறக்காது.

4. என் ஓட்டம் கடுமையான ஓட்டமான்னு எப்படித் தெரியும்? நான் மெதுவாத்தான் ஓட்டறேன்.

மெதுவாக ஓட்டுவதை இன்ஜின் சொகுசாக எடுத்துக்கொள்ளாது. திருச்சியிலிருந்து சென்னைக்கு நெடுஞ்சாலையில் சீராகப் போவதுதான் அதற்குச் சுகமான வேலை. தினமும் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி முதல் கியரில் ஊர்வதுதான் கடினம்.

ஒரு கணக்குப் போடுங்கள். சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 200 மணி நேரம் ஆகும். சராசரி 20 என்றால் 500 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், இன்ஜின் உழைப்பு இரண்டரை மடங்கு. ஏசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அரைமணியை மீட்டர் எண்ணாது, ஆயில் எண்ணும்.

நகர நெரிசல், குறுகிய பயணங்கள், கல்குவாரிப் பக்கத்துப் புழுதி ரோடு, அடிக்கடி மலையேற்றம், எப்போதும் முழு லோடு: இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் அன்றாடம் என்றால் கையேட்டின் இரண்டாவது பட்டியல் உங்களுக்குத்தான். அப்படிப் பட்டியல் இல்லாத கையேடு என்றால், 10,000க்குப் பதில் 7,000 வாக்கில் மாற்றச் சொல்வேன். இது என் கணக்கு, கம்பெனிக் கணக்கு இல்லை.

5. தொட்டுப் பார்த்தேன், ஆயில் கருப்பா இருக்கு. உடனே மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார்.

நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கரியை ஆயில் தன்னோடு வைத்திருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி. பெட்ரோல் காரில் மெல்ல மெல்லப் பழுப்பாகிக் கறுக்கும். சிஎன்ஜி வண்டியில் நேர்மாறு: கரி குறைவு என்பதால் ஆயில் தேன் மாதிரியே இருக்கும், ஆனால் சூட்டில் அது பழசாகிப் போயிருக்கும். அழகாக இருக்கிறதே என்று விட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

விரலில் தேய்த்து, பிசுபிசுப்பே இல்லை, தண்ணியாயிடுச்சு என்று காட்டுவது இன்னொரு வித்தை. ஓடி நின்ற இன்ஜினின் ஆயில் எதுவானாலும் தண்ணியாகத்தான் இருக்கும். சூட்டில் எந்த எண்ணெயும் இளகும், வடைச் சட்டியைக் கேளுங்கள். பார்க்க வேண்டியவை வேறு: பால் நிறம், மினுமினுக்கும் இரும்புத் துகள், மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் வாசனை. இவை மூன்றில் ஒன்று இருந்தால் காலண்டரையும் மீட்டரையும் பார்க்காமல் ஷெட்டுக்குப் போங்கள்.

6. டிப்ஸ்டிக் பார்க்கிறது எப்படி? ஒவ்வொரு தடவை ஒவ்வொரு அளவு காட்டுது.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்திருந்தால் இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிஷம் காத்திருங்கள், மேலே போன ஆயில் கீழே வடியட்டும். குச்சியை உருவி, பனியன் வேஸ்ட்டில் சுத்தமாகத் துடைத்து, முழுசாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். துடைக்காமல் முதல் தடவை எடுத்ததைப் பார்ப்பதால்தான் அளவு மாறி மாறித் தெரிகிறது.

கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும். பல கார்களில் அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம். பதினைந்து நாளைக்கு ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்னும் பாருங்கள்.

7. டின்னுல 5டபிள்யூ-30னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு? நம்பர் கூடினா தரம் கூடவா?

தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் எண்ணும் டபிள்யூவும் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கின்றன, டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அந்த எண் குறையக் குறைய ஆயில் சீக்கிரம் ஓடும். இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. எஸ்ஏஇ என்ற அமைப்பு வகுத்த அளவு இது, கிரேடு என்று சொல்வதும் இதைத்தான். 40 போட்டால் 30ஐவிட உசத்தி என்று நினைப்பது, பத்தாம் நம்பர் செருப்பு எட்டாம் நம்பரைவிட உசத்தி என்பதுபோல.

8. அதெல்லாம் வெளிநாட்டுக் குளிருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 தாங்குமா? 20டபிள்யூ-50 போட்டுடலாமா?

கவுன்டரில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இந்தக் கேள்விக்குத்தான். வெளியே வேலூர் வெயில் அடித்தாலும் ஊட்டிக் குளிர் அடித்தாலும் இன்ஜினுக்குள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்ததுதான் சட்டம். கூலன்ட் 90 டிகிரி பக்கத்தில் நிற்கும், ஆயில் 100 வாக்கில். வெளியே 42 டிகிரியா 22 டிகிரியா என்பது உள்ளே பெரிய வித்தியாசம் செய்யாது.

குளிர் என்பதற்கும் இன்ஜின் வேறு அர்த்தம் வைத்திருக்கிறது. அதற்கு 35 டிகிரியும் குளிர்தான். ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டி, 100 டிகிரியில் இருப்பதைப்போல ஆறு மடங்கு. சித்திரை மாதக் காலையில் சாவியைத் திருப்பும்போதும் உங்கள் ஆயில் ஆறு மடங்குக்குக் குறையாத கெட்டியாகத்தான் கிடக்கிறது. அது எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் முதல் சில நொடித் தேய்மானம்.

புது இன்ஜின்களில் இடைவெளிகள் மிக நுண்ணியவை. வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் பாகங்கள் ஆயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. அதில் 20டபிள்யூ-50ஐ ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் சத்தம் வரும், சில வண்டிகளில் இன்ஜின் விளக்கே எரியும். கையேடு இரண்டு மூன்று கிரேடு சொல்லியிருந்தால் நம் ஊருக்கு அதில் கெட்டியானதை எடுங்கள், ஆட்சேபணை இல்லை. கையேட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

9. கிரேடு சரியா இருந்தா போதும்தானே? எஸ்பி, சிஐ-4னு இன்னும் என்னென்னமோ எழுதியிருக்கு.

போதாது. கிரேடு கெட்டியைச் சொல்கிறது, இந்த எழுத்துகள்தான் தரத்தைச் சொல்கின்றன. ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் முறையில் எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல், சி என்று தொடங்கினால் டீசல். பெட்ரோலில் எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று போகப் போகப் புதியது. எஸ்பி 2020இல் வந்தது. கையேட்டில் எஸ்என் என்றிருந்தால் எஸ்பி தாராளமாகப் போடலாம். எஸ்பி கேட்கிற வண்டிக்கு எஸ்எல் போடக்கூடாது.

டீசலில்தான் ஆபத்து. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துவிடும். ஆயில் எரிந்து விழும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், டின்னில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனக் கம்பெனிகளின் சங்கம்) சி2, சி3 என்று போட்டிருக்கும். லாரிக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறது என்று இந்தக் காரில் ஊற்றியவரை எனக்குத் தெரியும். மிச்சம் பிடித்தது அரை டின் ஆயில், செலவு வடிகட்டியில்.

இன்னொரு ரகம்: ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டில் வந்த 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடும். ஆயில் தப்பானால் பெல்ட் ஊறி உதிர்ந்து, அந்தத் தூள் ஆயில் பம்பின் வாயை அடைக்கும். இதுபோன்ற வண்டிக்குக் கம்பெனி சொல்லும் எண் டின்னின் பின்பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள்.

10. சிந்தெடிக் போட்டா இருபதாயிரம் ஓட்டலாமாமே?

மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்தது, சிந்தெடிக் என்பது ரசாயன முறையில் மாற்றிச் செய்தது. சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது, குளிரில் நன்றாக ஓடும். எல்லாம் உண்மை. ஆனால் 3ஆம் கேள்வியில் சொன்ன தண்ணீரும் பெட்ரோலும் கரியும் மினரல், சிந்தெடிக் என்று பார்த்து இறங்குவதில்லை. கையேட்டின் இடைவெளியைத் தாண்டாதீர்கள். தவிர, 0டபிள்யூ-20 கேட்கும் வண்டிக்கு மினரலில் ஆயிலே கிடைக்காது, தேர்வுக்கே இடமில்லை.

11. வழியில ஆயில் குறைஞ்சுது, வேற கம்பெனி ஆயில்தான் கிடைச்சுது. கலந்தா திரிஞ்சு போகாதா?

திரியாது. ஏபிஐ தரம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் இருக்க வேண்டும். அரை லிட்டர் வேறு கம்பெனி, மினரலோடு சிந்தெடிக், எதுவும் பரவாயில்லை. குறைந்த ஆயிலோடு ஓட்டுவதுதான் தப்பு. முடிந்தால் அதே கிரேடு பாருங்கள், அடுத்த சர்வீஸில் எல்லாம் வெளியே போய்விடும்.

12. ஃபில்டரை ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தினா போதும்னு சொல்றாங்களே?

சிறு கார் ஃபில்டரின் விலை, ஆயில் விலையில் ஒரு சின்னப் பங்கு. பழைய ஃபில்டருக்குள் கால் லிட்டர் வரை அழுக்கு ஆயில் நிற்கும், அது புது ஆயிலோடு கலந்துவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை நேராக அனுப்பும். இன்ஜின் காய்ந்துபோகாமல் இருக்க அது ஏற்பாடு. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

13. ஷெட்டுல பேரல்ல இருந்து ஊத்தறாங்க. நம்பலாமா?

பேரல் என்பதாலேயே மோசம் இல்லை. கம்பெனி சர்வீஸ் நிலையங்களிலும் பேரல்தான். பேரலில் என்ன கிரேடு, என்ன தரம் எழுதியிருக்கிறது என்று பார்த்து, பில்லில் அதையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சீல் உடைக்காத டின் ஒன்றை நீங்களே வாங்கிப்போய்க் கொடுங்கள்.

டின்னிலும் போலி உண்டு. காலி டின்னை வாங்கி, நிரப்பி, சீல் போட்டு விற்பார்கள். அதனால்தான் ஆயில் தீர்ந்ததும் டின்னின் மூடியையும் லேபிளையும் கிழித்துவிட்டுப் போடச் சொல்வேன். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகக் கொடுத்தால் அது தள்ளுபடி இல்லை.

14. வீட்டிலேயே மாத்தலாமா? என்னென்ன வேணும்?

மாற்றலாம், முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் ஆகும். சரியான அளவு ஸ்பேனர், ஃபில்டர் ரெஞ்ச், ஐந்து லிட்டர் பிடிக்கும் தட்டு, புனல், பனியன் வேஸ்ட், புது ஃபில்டர், டிரெயின் நட்டுக்குப் புது வாஷர். சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். சாய்வு ராம்ப் அல்லது ஸ்டாண்டு இல்லையென்றால் ஷெட்டுக்கே போய்விடுங்கள்.

இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள், ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு வடியும், கொதித்தால் கை வெந்துவிடும். மேலே மூடியைத் திறந்து வையுங்கள். டிரெயின் நட்டைக் கழற்றி, சொட்டுவது நிற்கும்வரை விடுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம். ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். ஏன் என்பது 16ஆம் கேள்வியில் வரும். புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே முறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும், ரெஞ்ச் வேண்டாம்.

டிரெயின் நட்டை முதலில் கையால் ஏற்றி, பிறகு ஸ்பேனரில் அளவாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் அலுமினியச் சேம்பரின் மரை போய்விடும், அப்புறம் சேம்பருக்கே செலவு. கணக்கைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிஷம் ஸ்டார்ட் செய்து, அடியில் கசிவு பார்த்து, அணைத்து, டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள்.

15. நாலு லிட்டர் டின் வாங்கினேன், மிச்சம் வைப்பானேன்னு முழுசா ஊத்திட்டேன். தப்பா?

தப்புதான். மேல்கோட்டைக் கொஞ்சம் தொட்டு நின்றால் பயமில்லை. அரை லிட்டருக்கு மேல் கூடுதல் என்றால், சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்துத் தயிர் கடைவதுபோல நுரைக்க வைக்கும். நுரையைப் பம்ப் சரியாக இழுக்காது. சீல்களில் கசியும், புகை வரும். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு உறிஞ்சி எடுக்கலாம், இல்லையென்றால் ஷெட்டில் டிரெயின் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடிக்கச் சொல்லுங்கள்.

16. ஓடிக்கிட்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிஞ்சா, பக்கத்து ஊர் வரைக்கும் மெதுவாப் போகலாமா?

போகக்கூடாது. ஒரு கிலோமீட்டர்கூட. அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது ஆயிலின் அளவை இல்லை, அழுத்தத்தை. அழுத்தம் இல்லையென்றால் 1ஆம் கேள்வியில் சொன்ன படலம் இல்லை, இரும்போடு இரும்பு உரசுகிறது. ஓரம் கட்டி உடனே அணையுங்கள். மஞ்சள் விளக்கு என்றால் பல வண்டிகளில் அளவு குறைவு என்ற எச்சரிக்கை, அதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

எனக்கே நடந்தது. ஒரு ஷெட்டில் ஆயில் மாற்றிவிட்டு மதுரைக்குக் கிளம்பினேன். விராலிமலை தாண்டியதும் சிவப்பு விளக்கு. நிறுத்தி இறங்கினால் பின்னால் ரோடு நெடுகக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வளையம், பிடிப்பு இல்லை, மொத்த ஆயிலும் வெளியே. உடனே அணைத்ததால் இன்ஜின் தப்பித்தது. அன்றிலிருந்து யார் மாற்றினாலும் கழற்றிய ஃபில்டரைக் கையில் வாங்கி வளையத்தைப் பார்த்த பிறகுதான் காசு.

17. ஆயில் மூடியைத் திறந்தா அடியில வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சா?

பயப்படுவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மூடியில் மட்டும் வெளுப்பு, குச்சியில் ஆயில் சாதாரணமாக இருக்கிறது, கூலன்ட் குறையவில்லை என்றால் அது குறுகிய ஓட்டத்தின் ஈரம். ஒருமுறை புதுக்கோட்டை வரை போய்வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். குச்சியிலும் காபி நிறம், கூலன்ட்டும் குறைகிறது என்றால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, இரண்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம்தான். வண்டியை ஓட்டிப்போகாமல் இழுத்துப்போங்கள்.

18. டீசல் கார். ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறிக்கிட்டே போகுது. பூதம் ஏதாவது ஊத்துதா?

ஊற்றுவது உங்கள் இன்ஜின்தான். 9ஆம் கேள்வியில் சொன்ன கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய, வண்டி அவ்வப்போது கூடுதலாக டீசல் தெளித்து அதைச் சூடாக்கும். அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். நெடுஞ்சாலையில் ஓடினால் சுத்தம் ஒரே தடவையில் முடியும். நகரத்தில் பாதியில் அணைத்து அணைத்து எடுத்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து, ஒவ்வொரு தடவையும் டீசல்.

மேல்கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் பாராமல் மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயில் இளகிப்போயிருக்கும். கொஞ்சம் வடித்துவிட்டு அளவைச் சரி செய்வதில் அர்த்தமில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் தொடர்ச்சியாக ஓட்ட வழியில்லாதவருக்கு இந்த ரக டீசல் கார் பொருந்தாது. வாங்கும் முன்பே சொல்லியிருப்பேன், யாரும் கேட்பதில்லை.

19. ஒண்ணரை லட்சம் ஓடின வண்டி. கெட்டி ஆயில் போடலாமா? ஃப்ளஷ் பண்ணச் சொல்றாங்க, சிறப்பு டானிக் வேற இருக்காம்.

ஆயில் குடிக்காமல், சத்தமில்லாமல் ஓடுகிற வண்டிக்குக் கிலோமீட்டர் ஏறியதற்காக மட்டும் எதையும் மாற்ற வேண்டாம். நீலப் புகை வருகிறது, சர்வீஸுக்கு சர்வீஸ் ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றுகிறீர்கள் என்றால், கையேடு அனுமதிக்கும் கிரேடுகளில் கெட்டியானதற்குப் போய்ப் பார்க்கலாம். அது வலி மாத்திரை, வைத்தியம் இல்லை.

ஃப்ளஷ் வேண்டாம் என்பதே என் கட்சி. ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு அது தேவையில்லை. பல வருஷம் மாற்றாமல் தார் மாதிரி படிந்த இன்ஜினில் அது கட்டியைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பம்பின் சல்லடையில் சேர்த்துவிடும். அப்படிப்பட்ட வண்டி கைக்கு வந்தால் நல்ல ஆயில் ஊற்றி 2,000 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு 5,000த்தில் ஒருமுறை என்று மாற்றி மெல்லச் சுத்தம் செய்யுங்கள். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பழைய கார் வாங்கினாலும் முதல் வேலை ஆயிலும் ஃபில்டரும்தான். டானிக்? நல்ல ஆயிலில் தேவையான மருந்து ஏற்கெனவே இருக்கிறது.

20. வெள்ளத்துல வண்டி நின்னுடுச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் எத்தனையோ இன்ஜின்கள் வெள்ளத்தில் போகவில்லை, இந்த ஒரு சாவித் திருப்பலில் போயின. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காப்பீட்டில், வெள்ளத்துக்குப் பின் ஸ்டார்ட் செய்து வந்த சேதத்தைத் தட்டிக்கழிப்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டியிருந்தால்தான் பேச இடம் உண்டு.

பேட்டரியைக் கழற்றி, இழுத்துப்போங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் நன்றாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், தண்ணீர் கனம் என்பதால் சேம்பரின் அடியில் கிடக்கும். டிரெயின் நட்டைத் திறந்ததும் முதலில் அதுதான் வரும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி ஒருமுறை மாற்றுவது நல்லது.

21. வெளியில ஆயில் மாத்தினா வாரண்டி போயிடுமா?

வாரண்டிப் புத்தகத்தின் நிபந்தனையைப் படியுங்கள். வாரண்டி இருக்கும்வரை கம்பெனி நிலையத்திலேயே, சொன்ன தேதிக்குள் செய்துவிடுங்கள் என்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும், இன்ஜின் மேசையில் பிரிந்து கிடக்கும்போது வாதாடுவது நிம்மதி இல்லை. வாரண்டி முடிந்த பிறகு உங்கள் இஷ்டம், பில்களை மட்டும் தூக்கிப்போடாதீர்கள். விற்கும்போது அவை பேசும்.

22. வடிச்ச பழைய ஆயிலை என்ன பண்றது? தென்னைக்குக் கரையான் வராம ஊத்தலாம்கறாங்க.

தென்னை பிழைத்தால் ஆச்சரியம். வேலிக்காலுக்குக் கரையான் வராமல் பூசுவதும், சென்ட்ரிங் பலகையில் தடவுவதும் நம் ஊரில் காலங்காலமாக நடக்கிறது. ஆனால் அந்தக் கருப்பு ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த மிச்சமும் இருக்கின்றன. தோலுக்கு ஆகாது, மண்ணில் இறங்கினால் கிணறு வரை போகும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரலிலிருந்து அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு ஆயில் கம்பெனிகளுக்கும் உண்டு.

காலி டின்னிலேயே ஊற்றி மூடி, ஆயில் சேகரிக்கும் பெரிய ஷெட்டிலோ சர்வீஸ் நிலையத்திலோ கொடுங்கள். அவர்கள் அதைச் சுத்திகரிப்பவர்களுக்கு விற்கிறார்கள், அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலந்துவிடாதீர்கள். சாக்கடையில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

23. அடுத்து எலெக்ட்ரிக் கார் வாங்கப்போறேன். இந்தத் தொல்லையே இல்லைதானே?

இன்ஜின் ஆயில் இல்லை. ஆனால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கியர் பெட்டியில் ஆயில் இருக்கும், கூலன்ட் இருக்கும், பிரேக் ஆயில் இருக்கும். அவற்றுக்கும் கையேட்டில் தேதி போட்டிருப்பார்கள். ஹைபிரிட் வாங்கினால் எல்லாக் கேள்விகளும் அப்படியே பொருந்தும், முக்கியமாக 3. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் புது எலெக்ட்ரிக் காரின் பானெட்டைத் திறந்துவைத்து டிப்ஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் இரண்டு நிமிஷம் சேர்ந்து தேடினேன், பழக்கதோஷம்.